வாரத்துக்கு மூன்று வருஷம்

சித்திரை பிறந்துவிட்டால் பள்ளிபாளையத்தில் வீட்டுக்குள் படுப்பது பெரும்பாடு. பகலெல்லாம் நாற்பது டிகிரி வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, விளக்கணைத்த பிறகும் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறவர்களுக்கு ஒரு விலாசம் தரலாம். ஏப்ரல் நடுவில், இரவு ஒன்பது மணி வாக்கில், மகம் நட்சத்திரம் நம் ஊருக்கு ஏறத்தாழ நேர் உச்சியில் நிற்கும். அந்தப் பக்கத்தில் அதைவிடப் பளிச்சென்று வேறு நட்சத்திரம் இல்லை, கண்டுபிடிப்பது சுலபம். கையை வானத்துக்கு நீட்டி விரல்களை விரித்து, மகத்திலிருந்து தெற்கே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக அளந்தால் ஓர் இருட்டுத் திட்டு வரும். அங்கே ஒன்றும் தெரியாது. விலாசம் அதுதான்.

ஈரோட்டு வெளிச்சம் ஆற்றைத் தாண்டி வருவதும் காகித ஆலை விளக்குகளும் அதற்குப் பாதிக் காரணம்தான். அந்த இடத்தில் இருக்கும் நட்சத்திரம், வெறுங்கண்ணுக்குக் கடைசியாகத் தெரியக்கூடிய நட்சத்திரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மங்கல். திருச்செங்கோட்டைத் தாண்டி இருட்டான காட்டுப் பக்கம் போய், நல்ல பைனாகுலரை வைத்துத் தேடினால் ஒரு புள்ளியாக அகப்படும். ஹென்றி டிரேப்பர் அட்டவணையில் அதன் எண் 86081. 2019 டிசம்பர் முதல் அதற்குப் பெயரும் உண்டு: பிபா. அதைச் சுற்றி ஓடும் கோளின் பெயர் சந்தமசா.

இரண்டும் இந்தியா வைத்த பெயர்கள். சர்வதேச வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை ஒட்டி, உலக நாடுகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயர் வைக்கச் சொன்னது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் கலந்துகொண்டன. இங்கே இந்திய வானியல் கழகம் மக்களிடம் பெயர் கேட்டு வாக்கெடுப்பும் நடத்தியது. நட்சத்திரத்தின் பெயரைச் சூரத்தில் பொறியியல் படித்த ஒரு மாணவரும், கோளின் பெயரைப் புணேயில் ஒரு பள்ளிச் சிறுவனும் முன்மொழிந்தார்கள். அதுவரை எண்ணும் எழுத்துமாகக் கிடந்த ஓர் உலகம் நம் பேரேட்டில் ஏறியது. அந்த உலகம் எப்படிப்பட்டது என்பதைத்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

முதலில் அதன் வருஷம். சந்தமசா பிபாவை ஒருமுறை சுற்றிவர 2 நாள் 3 மணி 18 நிமிடம் ஆகிறது. தறிக்குப் போகிறவர் ஒரு வாரச் சம்பளம் வாங்கி அடுத்த வாரச் சம்பளம் வாங்குவதற்குள் அங்கே மூன்று வருஷம் முடிந்து நான்காவது நடந்துகொண்டிருக்கும். நம் கணக்கில் நாற்பது வயதுக்காரருக்கு அங்கே ஏறத்தாழ 6,800 வயது. பிபா நம்மிடமிருந்து சுமார் 340 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று பைனாகுலரில் விழும் அதன் வெளிச்சம், மைசூரில் சிக்க தேவராஜ உடையார் ஆண்ட நாட்களில் கிளம்பியது. அது இங்கே வந்து சேர்வதற்குள் சந்தமசா ஐம்பத்தெட்டாயிரம் சுற்றுகளை முடித்துவிட்டது.

வருஷம் இவ்வளவு சிறுத்ததற்குக் காரணம் நெருக்கம். கெப்ளர் 1619இல் சொன்ன விதிப்படி, சுற்றும் காலமும் நட்சத்திரத்தின் நிறையும் தெரிந்தால் தூரம் தானே வந்துவிடும். அந்தக் கணக்கில் சந்தமசாவுக்கும் பிபாவுக்கும் இடையே சுமார் 52 லட்சம் கிலோமீட்டர். நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதன்கூட 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் நிற்கிறது. புதனின் தூரத்தைப் பதினொன்றாகக் கூறு போட்டால் ஒரு கூற்றில் இந்தக் கோள் ஓடுகிறது. அவ்வளவு பக்கத்தில் நட்சத்திரத்துக்குள் விழாமல் இருக்க வேண்டுமென்றால் ஓட்டமும் அப்படி இருக்க வேண்டும்: வினாடிக்கு 176 கிலோமீட்டர். பள்ளிபாளையத்திலிருந்து சென்னைக்கு இரண்டே கால் வினாடி.

அங்கிருந்து பார்த்தால் பிபா எவ்வளவு பெரிதாகத் தெரியும்? நம் சூரியனை நீட்டிய கையின் சுண்டுவிரல் நுனியால் மறைத்துவிடலாம். பிபாவை மறைக்க முழுச் சாண் வேண்டும். அகலத்தில் முப்பத்தைந்து, நாற்பது மடங்கு. பிபா நம் சூரியனைவிடச் சற்றுப் பெரியது, சற்றுச் சூடானது, வெளிச்சமும் கூடுதல். ஆக, பூமியின் ஒவ்வொரு சதுர அடியும் வாங்கும் வெயிலைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அங்கே கொட்டுகிறது. அதை வாங்கித் திருப்பி வீசும் கோளின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருக்க வேண்டும். வெள்ளியும் தங்கமும் செம்பும் உருகி வெகுநேரம் ஆகியிருக்கும். இரும்பு 1,538இல் உருகும், எல்லைக் கோட்டில் நிற்கிறது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். மேலே சொன்னவற்றில் அளந்தது எது, கணக்குப் போட்டது எது, ஊகித்தது எது? அயல்கோள் செய்திகள் இந்த மூன்றையும் ஒரே தட்டில் பரிமாறிவிடுகின்றன. கூடவே செக்கச்செவேலென்று ஒரு படமும் போட்டுவிடுவார்கள், ஏதோ பக்கத்தில் போய் எடுத்து வந்தது போல. சந்தமசாவை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதிலிருந்து வரும் ஒளியைத் தனியாகப் பிரித்தெடுத்த தொலைநோக்கியும் இல்லை. அளந்தது ஒரே ஒரு பொருளைத்தான்: பிபா என்ற நட்சத்திரத்தின் அசைவை.

கோள் நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்பது பாதிக் கதை. நட்சத்திரத்தைக் கோளும் இழுக்கிறது. இரண்டும் தங்கள் பொது எடைமையத்தைச் சுற்றுகின்றன, கனமானது சின்ன வட்டமும் இலேசானது பெரிய வட்டமும் போடுகின்றன. சந்தமசாவின் வட்டத்துக்கு ஆரம் 52 லட்சம் கிலோமீட்டர். பிபா போடும் வட்டத்தில் நமக்கு அகப்படும் பங்கின் ஆரம் ஆறாயிரம் கிலோமீட்டர்தான், அதாவது கிட்டத்தட்ட நம் பூமிப்பந்தின் அளவு. பதினான்கு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள ஒரு நெருப்பு உருண்டை, பூமி அளவுள்ள வட்டத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தள்ளாடுகிறது. 340 ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து அந்த இடமாற்றத்தைக் கண்ணால் பிடிக்க வழியே இல்லை.

ஆனால் வேகத்தைப் பிடிக்கலாம். நட்சத்திரம் நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி அலைகள் நெருங்கி நீலப் பக்கம் நகரும், விலகும்போது விரிந்து சிவப்புப் பக்கம் நகரும். ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் அதில் இரும்பு, கால்சியம், சோடியம் போன்றவை பதித்த கருங்கோடுகள் ஆயிரக்கணக்கில் தெரியும். அந்தக் கோடுகள் இடவலமாக நகர்வதை அளந்தால் போதும். பிபாவின் வேகம் வினாடிக்கு 207 மீட்டர் கூடிக் குறைகிறது. பயணிகள் விமானத்தின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. நமக்குப் பெரிய வேகம்தான், ஒளியின் வேகத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. கருங்கோடு தன் இடத்திலிருந்து ஏறத்தாழ பதினைந்து லட்சத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கும். அதையும் பூமியே வினாடிக்கு 30 கிலோமீட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும், நம் ஓட்டத்தைத் துல்லியமாகக் கழிக்க வேண்டும்.

இதைச் செய்தது ஹவாயில் மவுனா கேயா மலைமேல் இருக்கும் கெக் தொலைநோக்கி. அங்கே நட்சத்திர ஒளியின் பாதையில் அயோடின் ஆவி நிரப்பிய ஒரு கண்ணாடிக் குப்பியை வைப்பார்கள். காயத்துக்குப் போடும் டிங்சரில் இருக்கும் அதே அயோடின். அதன் ஆவி தன் பங்குக்கு ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளைப் பதிக்கும். குப்பி நகராது, ஆகவே அந்தக் கோடுகளும் நகராது. அளவுகோல் ஒளிக்குள்ளேயே வந்துவிடுகிறது. இரும்பு முதலிய கனமான தனிமங்கள் கூடுதலாக உள்ள நட்சத்திரங்களுக்குப் பெரிய கோள்கள் அதிகம் அமைகின்றன என்று தெரிந்ததால், அப்படிப்பட்டவற்றைப் பொறுக்கி, இன்னும் இரண்டாயிரம் நட்சத்திரங்களைச் சோதிப்பது என்று ஒரு குழு கிளம்பியது. ஜான் ஜான்சனும் அவர் சகாக்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று புதுக் கோள்கள் இருந்தன. எச்டி 86081இன் கோள் அதில் ஒன்று.

அந்தத் தள்ளாட்டத்திலிருந்து கோளின் நிறையைக் கணக்கிடலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நம்மை நோக்கியும் விலகியும் நடக்கும் அசைவு மட்டுமே நிறமாலையில் தெரியும். கோளின் பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாததால், கிடைப்பது குறைந்தபட்ச நிறைதான். சந்தமசாவுக்கு அது வியாழனைப் போல் ஒன்றரை மடங்கு, நம் பூமியைப் போல் 475 மடங்கு. அதற்கு மேலும் இருக்கலாம், கீழே இருக்காது. அதன் குறுக்களவு அளக்கப்படவில்லை. சுற்றும் காலமும் தள்ளாட்ட வேகமும் அளந்தவை. தூரமும் குறைந்தபட்ச நிறையும் வெப்பமும் கணக்கு. மற்றதெல்லாம் அதன் உறவுக்காரக் கோள்களைப் பார்த்துச் சொல்வது.

நட்சத்திரத்தின் ஒழுங்கற்ற அசைவிலிருந்து காணாத கோளைக் கணக்கிடும் வேலைக்குத் தமிழ் மண்ணில் ஒரு பழைய முயற்சி உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் இயங்கியது. அதன் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழிலும் பொறித்த கல்வெட்டோடு இன்றும் அங்கே நிற்கிறது. 1855இல் அங்கே பொறுப்பிலிருந்த வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் ஓட்டத்தில் கணக்குக்கு ஒத்துவராத பிசிறுகளைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதை இழுக்கிறது, அப்படி இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று லண்டனில் வெளியான இதழில் எழுதினார். சூரியனல்லாத ஒரு நட்சத்திரத்துக்குக் கோள் உண்டு என்று அளவீடுகளை வைத்து வாதாடிய மிகப் பழைய அறிக்கைகளில் அது ஒன்று. பிறகு அமெரிக்காவில் தாமஸ் சீ அதே நட்சத்திரத்துக்கு அதே வாதத்தை வலுவாக வைத்தார். அப்படி ஒரு கோள் அங்கே நிலைத்து ஓட முடியாது என்று ஃபாரஸ்ட் மௌல்டன் 1899இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கோள் இல்லை.

ஜேக்கப்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. யோசனை சரியானது, கருவிதான் தாங்கவில்லை. அவர் தேடியது இடமாற்றத்தை. வானத்தில் அந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்ற வித்தியாசத்தை. அந்த வித்தியாசத்தைவிட அன்றைய அளவீட்டின் பிழை பெரியது. பிழை எவ்வளவு என்று தெரியாமல் அளவை மட்டும் சொன்னால் கோளும் தெரியும், பேயும் தெரியும். கெக்கில் அயோடின் குப்பி செய்த வேலை அந்தப் பிழையை வினாடிக்குச் சில மீட்டருக்குள் அடக்கியதுதான். 207 மீட்டர் ஆட்டத்துக்கு முன் அது தூசு.

இடையில் நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவரைப் பற்றி. பிபா சௌத்ரி 1913இல் பிறந்த வங்காள இயற்பியலாளர். கல்கத்தாவின் போஸ் ஆய்வு நிறுவனத்தில் தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து, புகைப்படத் தகடுகளை இமயமலைச் சரிவுகளில் மாதக்கணக்கில் வைத்தார். விண்ணிலிருந்து விழும் துகள்கள் தகட்டின் பூச்சுக்குள் விட்டுச்சென்ற கீறல்களை நுண்ணோக்கியில் எண்ணி, அளந்து, துகளின் நிறையைக் கணக்கிட்டார்கள். எலெக்ட்ரானைப் போல் சுமார் இருநூறு மடங்கு நிறை என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். உலகப்போர் நடந்த நேரம். இன்னும் நுட்பமான தகடுகள் இந்தியாவுக்கு வரவில்லை, வேலை அத்தோடு நின்றது. அதே முறையில், மேம்பட்ட தகடுகளை வைத்து பிரிஸ்டலில் செசில் பவல் குழு 1947இல் பை-மெசானைக் கண்டது. 1950இல் நோபல் பரிசு பவலுக்குப் போயிற்று. பிபா சௌத்ரி மான்செஸ்டரில் பிளாக்கெட்டிடம் முனைவர் பட்டம் முடித்து, 1949இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், கோலார் தங்கவயலின் ஆழத்தில் நடந்த சோதனைகள். 1991இல் இறந்தார். உயிரோடிருந்த காலத்தில் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. தடத்தை வைத்துத் துகளைப் பிடித்தவரின் பெயரை, தள்ளாட்டத்தை வைத்துக் கோளைப் பிடித்த நட்சத்திரத்துக்கு வைத்தது வாக்கெடுப்பு தற்செயலாகச் செய்த நல்ல காரியம்.

அவர் வேலை பார்த்த அதே அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம்தான் பிற்பாடு ராஜஸ்தானின் அபு மலையில் பராஸ் என்ற நிறமாலைக் கருவியை நிறுவியது. அபிஜித் சக்கரவர்த்தியின் குழு அதை வைத்து 2021இல் டிஓஐ-1789 பி என்ற கோளை உறுதிசெய்தது. 725 ஒளியாண்டு தொலைவு, 3.2 நாளுக்கு ஒரு வருஷம். சந்தமசாவுக்குச் சரியான உறவுக்காரன், ஒரே வித்தியாசம், இது நட்சத்திரத்தின் முகத்துக்கு நேரே கடந்து போகிறது. கடக்கும்போது நட்சத்திர வெளிச்சம் துளி குறைவதை வைத்து விட்டத்தை அளந்துவிட்டார்கள். நிறை வியாழனில் எழுபது சதவீதம், அகலமோ வியாழனைப் போல் 1.4 மடங்கு. அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வெப்பத்தில் உப்பிப்போன வாயுப் பந்து. சந்தமசாவும் அப்படி உப்பியிருக்கிறதா? இருக்கலாம். கடந்து போனால்தானே அளக்க முடியும்.

இந்த வகைக் கோள்களுக்குச் சூடான வியாழன்கள் என்று பெயர். இவை இருக்கக்கூடும் என்று 1952இலேயே ஓட்டோ ஸ்ட்ரூவ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். வியாழன் அளவுக் கோள் ஒன்று நட்சத்திரத்தை ஒட்டி ஒரே நாளில் சுற்றிவந்தால் என்ன தடை, அப்படி இருந்தால் அதன் இழுப்பை நிறமாலையில் பார்த்துவிடலாமே என்றார். யாரும் தேடவில்லை. நம் குடும்பத்தில் கல்கோள்கள் உள்ளே, வாயுக் கோள்கள் வெளியே. உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். வியாழனுக்குச் சுற்று பன்னிரண்டு ஆண்டு, ஆகவே பிற நட்சத்திரங்களிலும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் பிடிக்க வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். 1995இல் மிஷேல் மேயரும் தீதியே கெலோவும் பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் ஆய்வகத்தில் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தின் கோளைக் கண்டபோது அதன் வருஷம் 4.2 நாள். சந்தமசாவுக்குப் பெயர் சூட்டிய அதே 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வளவு பெரிய கோள் அங்கேயே உருவாகியிருக்க முடியுமா என்பது இன்னும் முடியாத வழக்கு. நட்சத்திரத்தை ஒட்டிய இடத்தில் வியாழன் ஒன்றைச் சேர்க்கச் சரக்குப் போதாது என்பது பொதுவான கருத்து. தொலைவில் பிறந்து, பிறந்த வாயுத் தட்டோடு உரசி மெல்ல உள்ளே வந்திருக்கலாம். அல்லது இன்னொரு பெரிய கோளோ துணை நட்சத்திரமோ தள்ளிவிட, நீள்வட்டப் பாதையில் நட்சத்திரத்தின் பக்கம் போய்ப் போய் வந்து, ஓத இழுப்பில் பாதை சுருங்கி வட்டமாகியிருக்கலாம். சூரியனைப் போன்ற நட்சத்திரங்கள் நூறை எடுத்தால் ஒன்றுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இப்படிப்பட்ட கோள் இருக்கிறது. முதலில் கிடைத்ததற்குக் காரணம் இவை அதிகம் என்பதல்ல, பிடிக்கச் சுலபம் என்பதுதான்.

அந்த ஓத இழுப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. கோளின் தற்சுழற்சியைப் பிடித்து நிறுத்தி, ஒரே முகத்தை நட்சத்திரத்துக்குக் காட்டும்படி பூட்டிவிடுகிறது. கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவரின் வலது தோள் எப்போதும் கருவறைப் பக்கமே இருக்கும். ஒரு சுற்று முடியும்போது அவர் உடம்பும் சரியாக ஒருமுறை திரும்பியிருக்கும், ஆனால் இடது தோளைக் கருவறை ஒருநாளும் பார்க்காது. அப்படித்தான் சந்தமசாவுக்கும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஓயாத உச்சிப் பகல், மறுபக்கம் விடியாத ராத்திரி. இடையில் மாலை மட்டும் நிரந்தரமாக ஒரு வளையம்.

இருபக்க வெப்ப வித்தியாசம் பெரிது, ஆகவே காற்று பறக்கும். எச்டி 189733 பி என்ற கோளில் காற்றின் வேகம் வினாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர் என்று 2015இல் அளந்தார்கள். அதே கோளுக்கு 2007இலேயே ஸ்பிட்சர் விண் தொலைநோக்கி வெப்ப வரைபடம் போட்டிருந்தது. மிகச் சூடான இடம் நட்சத்திரத்துக்கு நேர் கீழே இல்லை, காற்று அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போயிருந்தது.

சந்தமசா என்ற பெயரை மேகம் சூழ்ந்தது என்ற பொருளில் வைத்தார்கள். அங்கே மேகம் உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அதே அளவு சூட்டில் கொதிக்கும் வாஸ்ப்-17 பி என்ற கோளில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023இல் மேகத்தைக் கண்டது. நீராவி மேகமல்ல, குவார்ட்ஸ் துகள்களால் ஆன மேகம். நம் பக்கம் வெங்கச்சாங்கல் என்போமே, காவிரி மணலில் மினுக்குமே, அந்தப் பொருள்தான். பக்கத்துக் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் மணி செய்த கல்லும் இந்த இனம்தான். அந்தக் கோளில் அது ஒவ்வொன்றும் பத்து நானோமீட்டர் அளவுள்ள படிகங்களாக வானத்தில் மிதக்கிறது. இங்கே மணல் பாறையிலிருந்து உடைந்து வருகிறது. அங்கே பாறையே கிடையாது, ஆவியிலிருந்து நேராகப் படிகம் உறைகிறது. சந்தமசாவுக்கும் இதுபோல் மேகம் இருக்குமென்றால், பகல் பக்கத்தின் சூட்டில் கரைந்து ராத்திரிப் பக்கத்தில் திரளும் என்று எதிர்பார்க்கலாம். இது ஊகத் தட்டில் வைக்க வேண்டிய பண்டம், ஆனால் காரணமுள்ள ஊகம்.

இந்தக் கோள்கள் எல்லாம் எங்கோ அமெரிக்கக்காரன் பார்ப்பது என்று நினைக்க வேண்டாம். நம் ஊரிலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்குள், ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 1986இல் திறந்த 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்குப் பக்கத்தில் 1.3 மீட்டரில் இன்னொன்று நிற்கிறது. அதையும் லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியையும் வைத்து, பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சுஜன் சென்குப்தா குழு ஐந்து சூடான வியாழன்கள் நட்சத்திரங்களைக் கடப்பதைப் பதிவு செய்து 2019இல் வெளியிட்டது. அவற்றில் ஒன்று வாஸ்ப்-12 பி, சந்தமசாவைவிட நிலைமை மோசமான கோள். அதன் வருஷம் 26 மணி நேரம். நட்சத்திரத்தின் இழுப்பில் முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கிறது. பாதை சுருங்கிக்கொண்டே போவதால், ஒவ்வோர் ஆண்டும் அதன் சுற்று ஒரு வினாடியில் நூறில் மூன்று பங்கு அளவுக்குக் குறைகிறது. இப்படியே போனால் சுமார் முப்பது லட்சம் ஆண்டுகளில் கதை முடிந்துவிடும். வானியல் கணக்கில் அது நாளைக் காலை. இந்தச் சுருக்கத்தை ஒரே ராத்திரியில் யாரும் அளக்க முடியாது. பல நாட்டுத் தொலைநோக்கிகள் பல ஆண்டுகள் குறித்துவைத்த கடப்பு நேரங்களைக் கோத்துத்தான் கண்டார்கள். ஒவ்வொரு கடப்பு நேரமும் அந்தச் சரட்டில் ஒரு மணி.

சந்தமசாவுக்குக் கடப்பு வழி மூடியிருந்தாலும் இன்னொரு வழி திறந்திருக்கிறது. டௌ பூட்டிஸ் என்ற நட்சத்திரத்தின் கோளும் கடந்து போவதில்லை. 2012இல் சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி ஒன்றில் நட்சத்திரம், கோள் இரண்டின் ஒளியையும் கலந்தபடியே வாங்கி, கோளின் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடு பதித்த கோடுகளைத் தேடினார்கள். நட்சத்திரத்தின் கோடுகள் சில நூறு மீட்டர் வேகத்தில் அசையும், கோளின் கோடுகளோ வினாடிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அந்த ஓட்டத்தை வைத்தே பிரித்துவிட்டார்கள். பாதையின் சாய்வு 44 டிகிரி வாக்கில் என்று வந்தது, குறைந்தபட்ச நிறை என்பது போய் உண்மையான நிறை கிடைத்தது: வியாழனைப் போல் ஆறு மடங்கு.

அதே வேலையைப் பிபாவிடம் செய்வது கஷ்டம். டௌ பூட்டிஸ் வெறுங்கண்ணுக்கே தெரியும், பிபா அதைவிட நாற்பது மடங்குக்கு மேல் மங்கல். கூடுதல் ஒளி சேர்க்கப் பெரிய ஆடி வேண்டும். சிலியில் 39 மீட்டர் ஆடியோடு ஐரோப்பியத் தொலைநோக்கி ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்தியா பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கிக்கு 492 ஆடித் துண்டுகள் தேவை, அவற்றில் ஒரு பகுதியைத் தீட்டுவதற்கான பட்டறை பெங்களூருக்கு அருகே ஹொஸகோட்டேயில் இருக்கிறது. கருவி தயாரான பின் செய்ய வேண்டியது, வினாடிக்கு 176 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் இப்படியும் அப்படியும் ஓடும் ஒரு மங்கலான கோட்டுத் தொகுப்பைப் பிபாவின் வெளிச்சத்துக்குள் தேடுவது. இரண்டு நாள் மூன்று மணிச் சொச்சத்தில் ஒரு முழுச் சுற்று கிடைத்துவிடும் என்பதால், ஒரு வாரம் தொலைநோக்கி நேரம் கிடைத்தாலே மூன்று வருஷத்துக் கோளோட்டத்தைப் பதிவு செய்துவிடலாம்.